நெருக்கடி நேரத்தில் எதற்கு அரசியல் என்று கேட்பவர்களுக்கு

கேள்வி இதுதான்: 2020 கொரோனா ஊரடங்கில் தெருவில் இறங்கி அரிசி, பருப்பு கொடுத்த சங்கத்துக்காரர்களும் தன்னார்வலர்களும் ஏன் கூடவே அரசியலும் பேசினார்கள்? ஊரே தொற்றுக்குப் பயந்து கிடந்த நேரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு, உதவியை மட்டும் செய்திருக்கலாமே?

நான் சென்னையில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒரு சிறிய சங்கத்தில் வேலை செய்பவன். அந்தக் காலத்தில் பகல் முழுக்க போனும் கையுமாக இருந்தவர்களில் ஒருவன். சுருக்கமான பதில் என்றால், அரசியலை ஓரமாக வைக்கத்தான் நாங்களும் பார்த்தோம். ஆனால் அரிசி கொடுக்கப் போனால் யாருக்கு என்று ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்ததும், இவர்கள் ஏன் இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்குப் பதில் தேடினால் அது அரசியலில்தான் போய் முடிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உதவி செய்வதே அப்போது வழக்குக்குரிய விஷயமாகிவிட்டது. 2020 ஏப்ரல் 12 அன்று தமிழக அரசு, கட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் மக்களுக்கு நேரடியாக எதையும் கொடுக்கக் கூடாது, அதிகாரிகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. கூட்டம் சேர்ந்தால் தொற்று பரவும் என்று காரணம் சொன்னார்கள். பொய்யான காரணம் இல்லை. ஆனாலும் யார் கையால் அரிசி போகிறது, யார் பெயர் நிற்கிறது என்ற கணக்கும் அதில் இருந்தது ஊருக்கே தெரியும். திமுக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாளில், நிபந்தனைகளோடு நேரடியாகக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஒரு பை அரிசி கொடுக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்ட ஊரில் அரசியலை ஒதுக்கிவைப்பது எப்படி?

சரி, பட்டியல் கதைக்கு வருகிறேன்.

மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் முழு அடைப்பு. இடையில் இருந்தது நாலு மணி நேரம். மளிகைக் கடைக்குப் போகவே அது போதாது. பீகாருக்கோ ஒடிசாவுக்கோ போக எப்படிப் போதும்? அடுத்த சில நாளில் எங்கள் நம்பர் எப்படியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. ஹிந்தி, ஒடியா, வங்காளி தெரிந்த நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளை உதவிக்குச் சேர்த்துக்கொண்டோம். பலர் முதலில் கேட்டது சாப்பாடு இல்லை, ரீசார்ஜ். ஊரில் இருக்கும் வீட்டோடு பேச வேண்டும், எங்களோடு பேசவும் பேலன்ஸ் வேண்டும். பணம் அனுப்பலாம் என்றால் கணக்கு ஊர் வங்கியில் இருக்கும், ஏடிஎம் கார்டு மனைவியிடம் இருக்கும். இங்கே கையில் இருப்பது பழைய போனும், ஆதாரின் ஜெராக்ஸும்தான்.

ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம். பெயர், எத்தனை பேர், எந்த இடம், சொந்த ஊர், கையில் எவ்வளவு பணம், எத்தனை நாளைக்கு அரிசி, கான்ட்ராக்டர் யார். கடைசிக் கட்டம்தான் நிரம்பவே இல்லை. கான்ட்ராக்டரின் பெயரில் பாதி தெரியும், போன் ஸ்விட்ச் ஆஃப். அவருக்கு மேலே இருக்கும் கம்பெனி எது என்று வேலை செய்தவருக்கே தெரியாது. ஒரகடம் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்த கூட்டத்துக்கு, தலையில் போடும் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் அது எந்தக் கம்பெனியின் சைட் என்று கண்டுபிடித்தோம். அங்கே பேசினால், "அவங்க எங்க ஆளுங்க இல்ல சார், லேபர் கான்ட்ராக்ட்" என்று பதில். எட்டு மாதமாக அந்தக் கட்டடத்தில் சென்ட்ரிங் அடித்தவர்கள் அவர்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. நாடு முழுக்க இப்படிப் போன் எடுத்தவர்கள் சேர்ந்து நடத்திய, சுருக்கமாக ஸ்வான் என்று அழைக்கப்பட்ட தன்னார்வலர் வலையமைப்பு ஒன்று இருந்தது. ஏப்ரல் நடுவில் அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பேசிய 11,159 தொழிலாளர்களில் 96 சதவீதம் பேருக்கு அரசிடமிருந்து ரேஷன் வரவில்லை. 89 சதவீதம் பேருக்கு ஊரடங்கு நாட்களுக்கு முதலாளி ஒரு பைசா கொடுக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 31 அன்று, காலை 11 மணி நிலவரப்படி ஊருக்குச் சாலையில் நடந்து போகும் தொழிலாளர் யாரும் இல்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. பொய்ச் செய்தியால் ஏற்பட்ட பீதிதான் மக்களை நடக்கவைத்தது என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எங்கள் நோட்டில் பீதிக்கு ஒரு கட்டம் இல்லை. கையில் எவ்வளவு பணம் என்ற கட்டத்தைப் பார்த்தாலே நடந்ததற்குக் காரணம் புரிந்துவிடும்.

ஏன் எந்த அரசிடமும் இவர்களைப் பற்றிய கணக்கு இல்லை? சட்டம் இல்லாமல் இல்லை. 1979இலேயே மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநில ஆட்களைக் கூட்டி வரும் கான்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டும். வேலைக்கு வைப்பவர் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். ஊர் விட்டு வந்ததற்கு ஒரு படி, போக வரப் பயணச் செலவு, பயண நாட்களுக்குச் சம்பளம் எல்லாம் உண்டு. இதில் பாதியாவது நடந்திருந்தால், மார்ச் 25 காலையில் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஆட்சியரின் மேஜையில் ஒரு தாள் இருந்திருக்கும். நடக்கவில்லை. பதிவு செய்தால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும், பிஎஃப் கட்ட வேண்டும், விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டும். பதிவு செய்யாவிட்டால் எதுவும் வேண்டாம். தொழிலாளர் துறையில் ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பாமல் போட்டுவைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். இந்த அலட்சியத்தில் லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் இதை மறதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செங்கல் சேம்பர்களை, அதாவது சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அறுவடை முடிந்ததும் ஊரிலேயே ஆள் சேர்க்கும் தரகரான சர்தார் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். இங்கே வந்து ஆறேழு மாதம் கல் அறுத்து அதைக் கழிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசு வரும், மீதிக் கணக்கு சீசன் முடிவில்தான். மே, ஜூன் மாதம் மழைக்கு முன்னால் கணக்கு முடித்து ஊர் போவது வழக்கம். 2020 மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓட ஆரம்பித்தபோது இவர்களும் போக வேண்டும் என்றார்கள். அறுக்க வேண்டிய கல் பாக்கி இருக்கிறது என்று பல இடங்களில் விட மறுத்தார்கள். வெளியே ஊரடங்கு, உள்ளே கடன். மாவட்ட நிர்வாகம் தலையிட்டு ரயில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் அந்த வட்டாரத்தில் இத்தனை ஆயிரம் பேர் இருந்தார்களா என்று பலருக்குத் தெரியவந்தது.

அதே மே மாதம் 8ஆம் தேதி, மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. செப்டம்பரில் மக்களவையில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டபோது, அப்படிப்பட்ட தகவல் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. உயிரோடு இருந்தபோது எண்ணாதவர்களைச் செத்த பிறகு எப்படி எண்ணுவார்கள்?

தமிழ்நாட்டைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். இங்கே ரேஷன் எல்லோருக்குமானது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்காமல் அரிசி அட்டை வைத்திருக்கும் ஏறக்குறைய 2 கோடிக் குடும்பங்களுக்கும் ஏப்ரலில் 1,000 ரூபாயும், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் போய்ச் சேர்ந்தன. அம்மா உணவகங்கள் சென்னையில் பலரின் வயிற்றைக் காப்பாற்றின. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இன்றைக்கும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் ஓடுகிறது. பல மாநிலங்களில் அதற்குப் பிறகு குடும்பம் பிரிந்தவர்களுக்கு அட்டையே கிடையாது. அந்த இடங்களோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு பெரிய கூட்டம் பட்டினியிலிருந்து தப்பியது. அட்டை உள்ளவர்களைப் பற்றிய கவலை எங்களுக்குக் குறைவாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதில் இல்லாதவர் கண்ணில் படாமல் போகிறார். திருநங்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இலேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அந்தப் பெருமை உண்மையானது. 2021இல் புதிய அரசு அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் அறிவித்தபோது, வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்கு அட்டை எங்கிருந்து வரும் என்று கேட்டு திருநங்கை செயற்பாட்டாளர் கிரேஸ் பானு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அப்போது வெளிவந்த கணக்கு: அரசு அடையாளம் கண்ட 11,449 திருநங்கைகளில் 8,493 பேருக்கு ரேஷன் அட்டை இல்லை. பெற்ற வீட்டின் அட்டையில் பழைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள், அல்லது நீக்கப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கும் பணம் கொடுப்பதாக அரசு பிறகு அறிவித்தது. கேட்காமல் கிடைத்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். வாடகை வீட்டுக்காரர் முகவரிச் சான்று தர மறுக்கும் குடும்பங்கள், நடைபாதையில் படுப்பவர்கள், தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாத வீட்டு வேலைப் பெண்கள் எல்லோர் கதையும் இதே மாதிரிதான். வீட்டு வேலைக்காரர்களை அடுக்குமாடிகளில் உள்ளே விடாத மாதங்களுக்கு யாரும் சம்பளம் கேட்கக்கூட முடியவில்லை. அவர்கள் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கே எழுத்தில் எதுவும் கிடையாது.

இந்தப் பட்டியல் விஷயத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. உதவிக்கான பட்டியலில் இடம் இல்லாதவர்கள் பழிக்கான பட்டியலில் சீக்கிரம் ஏறினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பின் டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்களை அரசு அறிவிப்புகள் தினமும் தனியாகக் காட்டின. தமிழ்நாட்டில் அதன் பெயரைச் சொல்லாமல் 'ஒரே மூலம்' என்று எழுத ஆரம்பித்தார்கள்; யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாதவர் யார்? பழ வண்டிக்காரர் முதல் வாடகை வீடு தேடியவர் வரை இஸ்லாமியர்கள் பட்டது கொஞ்சமில்லை. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே சொன்னது. அதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது.

அடுத்து கோயம்பேடு. ஏப்ரல் 26 முதல் சென்னையில் நாலு நாள் தீவிர ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி காய்கறி வாங்க ஊரே கோயம்பேட்டில் கூடியது. அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவியது, மே 5 அன்று சந்தையை மூடினார்கள். பழி முழுக்கச் சுமை தூக்குபவர்கள் மேலும் வியாபாரிகள் மேலும் விழுந்தது. ஒரு நாள் அவகாசத்தில் கதவை மூடுவதாகச் சொன்னால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? இரண்டு நாள் கழித்து, மே 7 அன்று, சென்னை தவிர மற்ற இடங்களில் டாஸ்மாக்கைத் திறந்தார்கள். அங்கே வரிசை கட்டி நின்ற கூட்டத்துக்கு டோக்கன், குடை, போலீஸ் பாதுகாப்பு. பல ஊர்களில் பெண்கள்தான் கடை முன்னால் போய் மறித்தார்கள். அவர்களிடம் அரசியல் பேசாதே என்று யார் சொல்வது?

அப்புறம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று போலீஸால் கூட்டிப்போகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 22, 23 தேதிகளில் இறந்தார்கள். மூன்று மாதமாகத் தெருவில் லத்தி சுழன்ற வீடியோக்களைச் சிரித்துக்கொண்டே பகிர்ந்தவர்கள் அன்றைக்குத்தான் அதிர்ந்தார்கள். சுகாதாரப் பிரச்சினையைப் போலீஸ் பிரச்சினையாக மாற்றாதீர்கள் என்று மனித உரிமைக்காரர்கள் மார்ச் மாதமே கத்திக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் 'நெருக்கடியில் அரசியல்' என்று ஒதுக்கினார்கள்.

எங்களை ஒதுங்கியிருக்கச் சொன்ன அதே மாதங்களில் ஆட்சியில் இருந்தவர்கள் ஒதுங்கியிருக்கவில்லை. ஏப்ரலில் குஜராத் அரசு, இரட்டைக் கூலி இல்லாமல் 12 மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்தது. மே மாதம் உத்தரப் பிரதேசம் பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களையே மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க அவசரச் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. ஊரடங்கில் கூட்டம் போட முடியாது, ஊர்வலம் கிடையாது. மே 22 அன்று மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய எதிர்ப்பு அறிவித்தபோது பலர் அவரவர் வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் போராட்டம். குஜராத் உத்தரவை உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1 அன்று ரத்து செய்தது. அதற்குச் சில நாள் முன்பு, எதிர்க்கட்சிகள் வெளியே இருந்த நாடாளுமன்றத்தில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறியிருந்தன. 1979 சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்துபோனது. கான்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்த தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டது நல்ல திருத்தம். ஆனால் ஐந்து பேர் என்றிருந்த வரம்பு பத்து பேராகிவிட்டது. எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரிக்கு இனி அதுவும் இல்லை. இவை 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டன.

எங்களுக்குள்ளும் சண்டை இருந்தது. அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் தலையில் தூக்கிப்போட்டுக்கொள்கிறோம், நாம் கொடுக்கக் கொடுக்க அவர்களுக்கு வசதியாகப் போகிறது என்று ஒரு தரப்பு. பசித்தவனிடம் கொள்கை பேசாதே என்று இன்னொரு தரப்பு. கொடுக்கும்போது படம் எடுப்பதா வேண்டாமா என்பதிலேயே ஒரு குழு உடைந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் படம் கேட்டார்கள், வாங்கியவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் சிலர் நோயையே சாதாரணமாகப் பேசியதும் உண்டு. 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றபோது அந்தப் பேச்சு நின்றது. என் கருத்தைக் கேட்டால், கொடுப்பதும் கேட்பதும் சேர்ந்து நடந்த இடங்களில்தான் ஏதாவது மிஞ்சியது. பையைக் கொடுக்கும்போதே பெயரை எழுதி, அந்தப் பெயர்களோடு மனு போட்டு, மனுவுக்குப் பதில் வராவிட்டால் வழக்குப் போட்டவர்களால்தான், 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எந்த ஊர் அட்டைக்கும் எங்கேயும் ரேஷன், தொழிலாளர்களைப் பதிவு செய்ய இணையதளம், சமுதாயச் சமையற்கூடங்கள் என்று அதில் காலக்கெடு போட்டார்கள். இஷ்ரம் தளம் அப்படித்தான் அந்த ஆகஸ்டில் வந்தது. பிறகு 2023 ஏப்ரலில், இஷ்ரமில் பதிவு செய்திருந்தும் ரேஷன் அட்டை இல்லாத ஏறக்குறைய 8 கோடிப் பேருக்கு அட்டை கொடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இறந்தவர்களின் கணக்குக்கும் இப்படித்தான் போராட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு, விடுபட்டிருந்த 444 மரணங்களை ஒரே நாளில் சென்னைக் கணக்கில் சேர்த்தது. அதுவும் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் போன்றவர்களும் பத்திரிகையாளர்களும் மாநகராட்சிப் பதிவேட்டை அரசுக் கணக்கோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்ட பிறகு. இது வெறும் எண் பிரச்சினை இல்லை. 50,000 ரூபாய் இழப்பீடு என்று பின்னால் வந்தபோது, மரணம் கொரோனாவால்தான் என்று காட்ட முடியாத குடும்பங்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கின.

கைதட்டலைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே தட்டைத் தட்டியது. யாருக்காகத் தட்டினோமோ அவர்களில் பலர் நிரந்தரப் பணியாளர் பட்டியலில் இல்லை. தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது. புத்தாண்டைப் போராட்டத்தில் கழித்தார்கள். சென்னையின் தூய்மைப் பணியாளர்கள் ஊரடங்கில் ஒரு நாள்கூட வீட்டில் இருக்கவில்லை. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையை எடுத்தவர்கள் அவர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். கொரோனா காலத்தில் வேலை செய்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி நிரந்தரம் கேட்டார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அன்றைக்கும் சிலர் எங்களிடம் கேட்டார்கள், தூய்மைப் பணியில் எதற்கு அரசியல் என்று.